தரைத்தளத்தில் ஒரு வீடு

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் சின்னவளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

அம்மாவும் நலம் என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். அது அம்மா என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது அவள் குளிக்கப் போயிருக்கிறாள். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் திரும்பி வருவாள். அதற்குள் உண்மையை எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடக்கின்றன. நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நானும் எதிர்வீட்டு அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித் தூக்கி வந்தோம். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலோரம் உட்காருகிறாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டது சலவைக்கடை வேலைக்காக மட்டும் இல்லை அப்பா. தண்ணீருக்கும் கடைக்கும் சின்னவளைப் பள்ளியில் விடவும் நாலு மாடி ஏறி இறங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அக்காவும் என்னோடு அதே சலவைக்கடையில்தான் இஸ்திரி போடுகிறாள். குடும்ப உதவி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதாம். வருமானம் குறைந்த வீட்டுக்கு இலவச வைத்தியமும், படி ஏற முடியாதவர்களுக்குக் குறைந்த வாடகையில் தரைத்தள வீடும் தருகிறார்களாம். "கேட்டாத்தான்டி குடுப்பாங்க. கேக்காதவங்க வீட்டைத் தேடி எவன் கொண்டு வருவான்?" என்கிறாள்.

ஆனால் அங்கே போய்ப் பேச வேண்டும். கடையில் தீப்பெட்டி கேட்கக்கூடச் சின்னவளை முன்னால் தள்ளுகிறவள் நான். உங்களிடம் போனில் கேட்கச் சொன்னாள் அக்கா. எழுதினால்தான் எனக்கு வருகிறது. போகட்டுமா?

உங்கள் பூனை


ஜனவரி 30

என் பூனைக்கு,

அப்பா சௌக்கியம். நீங்கள் மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தாளின் ஓரத்தில் இருப்பது என் பெருவிரல் தடம். துடைத்துத் துடைத்தும் பெயிண்ட் போகவில்லை. கட்டடத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று அடிக்கிறோம். அடிப்பது வெறும் வெள்ளை. அதற்கு மேஸ்திரி ஆறு பெயர் வைத்திருக்கிறார். பெயருக்கு ஒரு விலை. உன் அம்மா பார்த்தால் சுண்ணாம்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

முட்டிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடு. அந்த அலுவலகம் வேண்டாம்மா. நாம் யாரிடமும் கை நீட்டிப் பழகவில்லை. என் கை கால் நன்றாக இருக்கும்வரை உங்களுக்கு ஒரு குறையும் வராது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. வேண்டாம், அவள் முட்டியைப் பற்றி நீ எழுதிவிட்டாய் என்று தெரிந்தால் உனக்குத்தான் விழும்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா உட்பட நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை. நீங்கள் நலமா?

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்விட்டேன் என்று எழுதலாம். அது பொய். படித்த பிறகுதான் போனேன். கோபப்படாதீர்கள்.

நீளமான கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆட்கள். என் எண்ணைக் கூப்பிட்டதும் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பின்னால் நின்றவர், "ஊமைப் புள்ளையா? பாவம்" என்றார். இல்லை என்று சொல்லவும் குரல் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நம் வீட்டு நிலைமையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகத் தள்ளினேன். கவுண்டர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். "உன் கையெழுத்து உன்னைவிட நல்லாப் பேசுதே" என்று சிரித்தார். நீங்கள் கை நீட்டக் கூடாது என்று சொன்னதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"உங்கப்பா பீடி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் அதுல வரி கட்டுறாரா இல்லையா? அதுல இருந்துதான் இது வருது. எங்க வீட்டுக் காசு இல்லம்மா இது. அவர்கிட்ட இதைச் சொல்லு."

சொல்லிவிட்டேன். பீடி விஷயம் நான் சொன்னதல்ல, அவராகச் சொன்னது.

விண்ணப்பம் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் வீட்டைப் பார்க்க ஆள் வருவார். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று மேஸ்திரி எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டுமாம். அனுப்புவீர்களா?

உங்கள் பூனை


மார்ச் 7

என் பூனைக்கு,

நலம். அங்கும் நலம்தானே?

கோபம் இல்லை. இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது. நான் கட்டிய வரியைக் கணக்குப் பார்த்தால் அந்த அலுவலகத்தில் ஒரு கதவாவது என்னுடையதாக இருக்கும் போலிருக்கிறது. நீ தனியாகப் போய் நின்றதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மேஸ்திரி வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் வாங்கி அனுப்புகிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது. சின்னவளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்.

அப்பா


மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நலத்தைக் கேட்டு அம்மாவும் சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஸ்திரி வந்துவிட்டாரா?

அலுவலகத்திலிருந்து வீடு பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு முந்தின நாளிலிருந்தே படபடப்பு. "ஒரு ஆபீசர் வர்றாரு, இந்தப் பாயிலயா உட்கார வெப்பே?" என்று எதிர்வீட்டு அக்காவிடமிருந்து மெத்தை வைத்த இரண்டு நாற்காலி, ஜன்னல் திரை, கண்ணாடித் தம்ளர்கள், சுவர்க் கடிகாரம் எல்லாம் வாங்கி வரச் சொன்னாள். பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். கடிகாரத்தை மாட்ட ஆணி இல்லை, அதையும் அக்காவே கொடுத்தாள்.

வந்தவர் சின்ன வயது. நாலு மாடி ஏறி மூச்சிரைத்தது. அவரைப் பார்த்ததும் அம்மா எழுந்தாள் அப்பா. சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்து, "வாங்க தம்பி" என்றாள். தானே டீ போட்டுத் தானே எடுத்து வந்தாள். அவருடைய அம்மா எப்படி இருக்கிறார் என்றுகூட விசாரித்தாள். நடக்கச் சிரமமாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். "வயசாகுதில்ல தம்பி. எல்லாருக்கும் இருக்கிறதுதான். உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல" என்றாள்.

சின்னவள் மட்டும், "நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி எங்களுது இல்ல" என்றாள். அம்மா தொடையில் கிள்ளிவிட்டு, இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது.

அவர் போனதும் அம்மா அப்படியே தரையில் சரிந்துவிட்டாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. ஏன் நடந்தாய் என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி உட்கார்ந்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?" என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

உங்கள் பூனை


ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரியாவது எழுதுங்கள்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வீடு வசதியாக இருக்கிறது, குடும்பத்தலைவி சிரமமின்றி நடமாடுகிறார், ஆகவே உதவி தேவையில்லை. அவ்வளவுதான். அம்மா அதை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "டீயையும் குடிச்சிட்டுப் போய் இப்படி எழுதியிருக்கானே" என்றாள். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். எதிர்வீட்டு அக்கா வந்து, "என் நாற்காலிக்கு இவ்வளவு மரியாதையா? எனக்கே தெரியாமப் போச்சு" என்றபோதுதான் கொஞ்சம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள்.

நான் மறுபடி கவுண்டருக்குப் போனேன். எழுதி எடுத்துக்கொண்டு போகவில்லை. எழுதினால் இது வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. என் முறை வந்ததும் சொல்லிவிட்டேன்.

"அந்த நாற்காலி எங்களோடது இல்ல. எங்கம்மாவால நடக்க முடியாது. அன்னிக்கு மட்டும் நடந்துட்டாங்க."

குரல் எவ்வளவு உரக்க வரும் என்று எனக்குத் தெரியாதில்லையா, கூடமே திரும்பிப் பார்த்தது. கவுண்டர் அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "நாங்க வர்றோம்னு தெரிஞ்சாலே எல்லாரும் கிழிஞ்ச பாயை ஒளிச்சு வெச்சிடுறீங்க. நாங்க அந்தப் பாயைப் பார்க்கத்தான் வர்றோம்" என்றார். எங்கள் விண்ணப்பத்தை மறுபரிசீலனைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். இந்த முறை ஒரு நர்சும் கூட வருவாராம். ஆனால் உங்கள் தாள் வராமல் அதை நகர்த்த முடியாது. ஜூலை முடிவதற்குள் வராவிட்டால் மூடிவிடுவார்கள்.

மேஸ்திரியிடம் கேட்டீர்களா அப்பா?

உங்கள் பூனை


மே 9

என் பூனைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலமாகவே இருக்கிறேன்.

நீ உரக்கப் பேசினாய் என்று படித்ததும் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே தலையாட்டினான்.

மேஸ்திரிக்கு வேலை அதிகம். கையெழுத்து கேட்டால் நாளை என்கிறார். இந்த மாதம் பணமும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நேற்று ஆட்களுக்குச் சமைக்கும் இடத்தில் ஒரு மூட்டை வெங்காயம் உரித்தேன், சும்மா உதவிக்கு. கண்ணீர் நிற்கவில்லை. அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

அந்தத் தாள் இல்லாமல் முடியாதா என்று இன்னொரு முறை கேட்டுப் பார்.

அப்பா


மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் இருந்தபடியே இருக்கிறோம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தாள் சுத்தமாக இருந்தது, ஓரத்தில் பெயிண்ட் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

நீங்கள் சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். தாள் இல்லாமல் முடியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அவள் கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லாமல் தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தாராம். அவள் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நானும் பையை எடுத்துக்கிட்டுக் கூட உட்கார்ந்திருப்பேனே" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கவுண்டர் அம்மா அவளிடம் சொன்னதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. வேலை இருந்தால் சம்பளத் தாள் கொடுப்பது போல, வேலை இல்லாவிட்டால் வேலை இல்லை என்று ஒரு தாள் கொடுக்கலாமாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதானாம். அந்தத் தாளை எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் உதவி அலுவலகத்திலேயே எழுதித் தருவார்களாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சும்மா, தெரிந்துகொண்டதை எழுதினேன். அம்மாவிடம் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உங்கள் பூனை


ஜூலை 8

என் கண்ணுக்கு,

நீங்கள் மூவரும் நலமா? நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தது எழுதத் தெரியாததால்.

நீ நேரே கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணின் புருஷனை நினைத்துக்கொண்டு இத்தனை நாள் படுத்திருந்தேன்.

பிப்ரவரி கடைசியில் பலகையில் நின்றுகொண்டிருந்தபோது தலை சுற்றியது. கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து ஒரு ஏணிகூட ஏற முடியவில்லை. மேஸ்திரி கெட்டவர் இல்லை, ஏற முடியாத பெயிண்டரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பழைய கூட்டாளிகள் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தார்கள். சமையல் செய்யும் இடத்தில் காய் நறுக்கிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அனுப்பியது அதில் கிடைத்த கூலிதான்.

உன் அம்மாவால் இறங்க முடியவில்லை, என்னால் ஏற முடியவில்லை. பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் இங்கே உள்ள அலுவலகத்துக்குப் போனேன். என் முறை வந்ததும் எனக்கும் பேச்சு வரவில்லை. நீ என் பிள்ளைதான். பிறகு ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். தாள் கொடுத்தார்கள், இதோடு வைத்திருக்கிறேன். அவர்களே ஒரு இலவச மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். காதுக்குள் ஏதோ கோளாறாம், மருந்தில் சரியாகும் என்றார் டாக்டர்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எப்படிச் சொல்வதென்று உனக்குத் தெரியும்.

அப்பா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

மருந்தை விடாமல் சாப்பிடுகிறீர்களா? தலைசுற்றல் எப்படி இருக்கிறது? இதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் எழுதுங்கள்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். பொருத்தம் என்ற இடத்தில் சிரித்தாள், சட்டையைப் பிடித்து இழுத்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "இந்தாளு என்னை மாதிரியே நடிச்சிருக்காரு பாரு" என்றாள். நீங்கள் அனுப்பிய தாளை அடுத்த நாளே கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது முறை வந்தவர் வயதான அம்மா, கூடவே ஒரு நர்ஸ். எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு ஒரு கரண்டிகூடத் தர மாட்டேன்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். பாயை விரித்தேன். கிழிந்த பக்கத்தை அம்மா சுவரோரம் திருப்பினாள், நான் இந்தப் பக்கம் திருப்பினேன்.

அவர்கள் உள்ளே வந்ததும் அம்மா கையை ஊன்றி எழப் பார்த்தாள். "உட்காரும்மா" என்றேன். என் அம்மாவை நான் அதட்டினேன் அப்பா. அவள் முகம் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்திலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "உங்களுக்கு என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். இதை மட்டும் நான் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. முட்டியைத் தடவிக்கொண்டே, "என்னால முடியலம்மா" என்றாள். இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் இதுவரை கேட்டதில்லை.

நர்ஸ் முட்டியைத் தொட்டுப் பார்த்து நிறையக் குறித்துக்கொண்டார். அவர்கள் கிளம்பும்போது அம்மா, டீ கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டாள். அடுத்த வீட்டுக்கு வந்து குடிக்கிறோம் என்றார்கள். அடுத்த வீடு என்று எந்த வீட்டைச் சொன்னார்கள் என்று அன்றிலிருந்து வீட்டில் ஒரே விவாதம்.

உங்கள் பூனை


செப்டம்பர் 12

என் பூனைக்கு,

தலைசுற்றல் பாதி குறைந்திருக்கிறது. நேற்று மூன்று படி ஏறிப் பார்த்தேன், இறங்கும்போதும் விழவில்லை. இது ஒளிக்காமல் எழுதியது.

விவாதத்துக்கு முடிவு வந்ததா? டாக்டர் விட்டதும் கிளம்பிவிடுவேன். உயரமான சுவர் இனி வேண்டாம். அங்கே வீடுகளின் உள்சுவரும் கதவும் அடித்தால் போதாதா?

ஒன்று கேட்க வேண்டும். அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டால் நீ ஏறி இறங்க வேண்டியதில்லையே. அப்போது என்ன செய்வதாக நினைத்திருக்கிறாய்? யோசித்து எழுது, அவசரமில்லை.

அப்பா


அக்டோபர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இது சலவைக்கடை ரசீதின் பின்பக்கம். கையில் வேறு தாள் இல்லை. நாங்கள் நலம், மூன்று பேருமே.

தரைத்தள வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. முகவரி மேலே இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையலறை, வாசலில் ஒரே ஒரு படி. அந்த ஒன்றை நீங்கள் ஏறிவிடுவீர்கள் அல்லவா? அம்மாவை நாற்காலியில் வைத்து இரண்டு ஆட்கள் நாலு மாடியும் இறக்கினார்கள். வழியெல்லாம் அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் முட்டிக்கு ஊசி போட்டு, தினமும் செய்ய வேண்டிய பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கைத்தடியும் தந்தார்கள். தடி ஊன்றினால் கிழவி மாதிரி இருக்கும் என்று முதல் வாரம் தொடவில்லை.

நீங்கள் கேட்டதை யோசித்தேன். மாலையில் நடக்கும் வகுப்பு ஒன்று இருப்பதாகக் கவுண்டர் அம்மா சொன்னார். விசாரித்தேன். நானேதான் விசாரித்தேன், சின்னவளைத் தள்ளவில்லை. ஜனவரியில் சேரலாமாம்.

இப்போது நானும் சின்னவளும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறோம். அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. கதவைத் தட்டினேன், ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். பயந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உங்கம்மாவா? தடியை ஊணிக்கிட்டு அப்பவே கிளம்பியாச்சே" என்றார். எங்கே என்று அவரிடமும் சொல்லவில்லையாம். சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு அவள் போனது இதுதான் முதல் தடவை.

சின்னவளுக்குப் பசி. அம்மா வரட்டும், நல்லா கேக்கிறேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் கோபம் வர வேண்டும். தெருமுனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் தலை தெரிந்ததும் எழுதுவதை நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ரசீதில் இடம் முடிந்துவிட்டது, அம்மாவை இன்னும் காணவில்லை.

உங்கள் பூனை